உலகைச் சிரிக்க வைத்த ஏழைச் சிறுவன் – சார்லி சாப்ளின்



தொளதொளத்த காற்சட்டை, உடலை இறுக்கும் சிறிய கோட்டு, தலையில் ஒரு சிறு வட்டத் தொப்பி, கால்களில் அளவுக்கு மீறிய பெரிய சப்பாத்து, கையில் வளைந்தாடும் மூங்கிற் பிரம்பு, மூக்கின் கீழ் ஒரு சின்னஞ்சிறு ஒட்டு மீசை. இவ்வுருவத்தைப் படத்தில் பார்த்தவுடனேயே பெரியோர் சிறியோர் அனைவர் முகத்திலும் புன்னகை மலரும். வாய் திறந்து ஒரு சொல்லும் பேசாமல் உலகத்து மக்களையெல்லாம் சிரிக்க வைத்த அம்மனிதரின் பெயர் சார்லஸ் ஸ்பென்சர் சாப்ளின். உலகம் அவரைச் சார்லி என்றே அன்புடன் அழைத்தது.

திரையில் அவர் அணிந்த கந்தல் உடை நடிப்புக்காகச் சேர்த்த உடைதான். ஆனால் அவ்வுடைக்குள் இருந்த பசியும் தனிமையும் நடிப்பல்ல. அவை அவர் சிறுவயதில் உண்மையாகவே பட்டறிந்தவை. தாம் பட்ட துன்பத்தை மறைக்காமல், அதற்காக நாணித் தலைகுனியாமல், அதையே உலகத்தின் மகிழ்ச்சிக்கு வித்தாக்கிய ஒருவரின் வரலாற்றை இங்குக் காண்போம்.

பிறப்பும் பெற்றோரும்

சார்லி 1889ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே உள்ள லண்டன் மாநகரின் ஏழைத் தெருக்களிலேயே அவர் வளர்ந்தார். தந்தையார் பெயரும் சார்லஸ் சாப்ளின்தான். அன்னையார் பெயர் ஹன்னா. சிட்னி என்னும் தமையன் ஒருவன் இருந்தான். அவன் சார்லியைவிட நான்கு வயது மூத்தவன்.

அக்காலத்தில் இங்கிலாந்தின் நகரங்களில் பாட்டும் ஆட்டமும் நகைச்சுவையும் கலந்து நடக்கும் மேடை அரங்குகள் பல இருந்தன. பகலெல்லாம் உழைத்துக் களைத்த மக்கள் இரவில் அங்கே கூடிச் சிறிது நேரம் தம் கவலையை மறப்பர். அத்தகைய அரங்குகளில் பாடியே சார்லியின் பெற்றோர் இருவரும் பொருளீட்டினர். ஆயினும், தந்தையார் குடிப்பழக்கத்திற்கு ஆளானார். சார்லி சிறு குழந்தையாக இருந்தபோதே பெற்றோர் பிரிந்தனர். பிள்ளைகளைக் காக்கும் சுமை முழுவதும் அன்னையின் தோள்மீது விழுந்தது.

ஐந்து வயதில் முதல் மேடை

1894ஆம் ஆண்டு ஆல்டர்ஷாட் என்னும் ஊரில் ஹன்னா பாடிக்கொண்டிருந்தார். அது படைவீரர்கள் நிறைந்த ஊர். அரங்கில் கூடியிருந்தோரும் பெரும்பாலும் படைவீரர்களே. சில காலமாகவே நலிந்திருந்த ஹன்னாவின் குரல் பாட்டின் இடையே கம்மிப் போயிற்று. கூட்டத்தினர் இரக்கமின்றிக் கூச்சலிட்டனர், எள்ளி நகைத்தனர். அவர் செய்வதறியாது மேடையை விட்டு இறங்கினார்.

மேடைக்குப் பின்னால் நின்றிருந்த ஐந்து வயதுச் சார்லியை மேடைப் பொறுப்பாளர் கைப்பிடித்து அழைத்துச் சென்று கூட்டத்தின் முன் நிறுத்தினார். சிறுவன் அஞ்சவில்லை, தனக்குத் தெரிந்த பாட்டைப் பாடத் தொடங்கினான். மக்கள் மகிழ்ந்து நாணயங்களை வீசினர். உடனே அவன் பாட்டை நிறுத்திவிட்டுக் காசுகளைப் பொறுக்கிய பின்னரே பாடுவதாக அறிவித்தான். அரங்கமே சிரித்தது. பின்னர் அவன் அன்னை பாடுவது போலவும் பாடிக் காட்டினான். குரல் கம்மிய இடத்தையும் ஒன்றும் அறியாத பருவத்தில் அப்படியே செய்து காட்டினான். கூட்டம் மீண்டும் சிரித்தது.

அதுவே மகனின் முதல் மேடை. அன்னையின் குரல் அதன் பின்னர்த் தேறவேயில்லை. அவ்விரவை அவர் முதுமையிலும் மறக்கவில்லை. தம் வாழ்க்கை வரலாற்று நூலில் அதனை உருக்கமாக எழுதி வைத்துள்ளார்.

அன்னையே முதல் ஆசிரியை

மேடை வருவாய் நின்றது. ஹன்னா தையல் வேலை செய்து பிள்ளைகளுக்கு உணவளித்தார். தவணைப் பணம் கட்ட இயலாமையால் தையல் இயந்திரமும் பறிபோயிற்று. ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு, அதனினும் மலிவான மற்றோர் அறைக்கு எனக் குடும்பம் இடம் மாறிக்கொண்டேயிருந்தது.

அவ்வறுமையிலும் அந்த அன்னை பிள்ளைகளுக்கு ஒரு செல்வத்தைக் கொடுத்தார். சாளரத்தின் அருகே அமர்ந்து தெருவில் செல்வோரைக் கூர்ந்து நோக்குவார். ஒருவர் நடக்கும் நடையைக் கொண்டே அவர் மனத்தில் உள்ள கவலையையோ மகிழ்ச்சியையோ எடுத்துரைப்பார். அவ்வாறே நடித்தும் காட்டுவார். கையாலும் முகத்தாலும் மனத்தில் உள்ளதைப் புலப்படுத்தும் கலையைச் சார்லி அன்னையிடமே கற்றார். பிற்காலத்தில் புகழின் உச்சியில் நின்றபோதும் இதனை அவர் நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

ஏழையர் விடுதி

1896ஆம் ஆண்டில் பசி தாங்க முடியாத நிலை வந்தது. அக்காலத்து இங்கிலாந்தில் வாழ வழியற்றோருக்கென அரசினர் விடுதிகளை அமைத்திருந்தனர். அங்கே உணவும் உறைவிடமும் கிடைக்கும். ஆனால் உள்ளே நுழைந்ததும் பெரியவர்களை ஒரு பக்கமும் சிறுவர்களை வேறு பக்கமும் பிரித்துவிடுவர். அங்குச் செல்வதையே மக்கள் பெரும் மானக்கேடாகக் கருதினர். வேறு வழியின்றி ஹன்னா தம் இரு பிள்ளைகளுடன் அவ்விடுதியை அடைந்தார். அப்போது சார்லிக்கு வயது ஏழு.

சில நாள்களில் சிறுவர் இருவரும் லண்டனுக்கு வெளியே ஹான்வெல் என்னும் இடத்திலிருந்த ஏழைச் சிறுவர் பள்ளிக்கு அனுப்பப்பட்டனர். சில மாதங்களில் சிட்னி கப்பற் பயிற்சிக்குச் சென்றுவிட்டான். சார்லி தனியனானான். ஒருமுறை செய்யாத குற்றத்திற்காக அவன் பிரம்படி பெற்றான். தலையில் படர்தாமரை கண்டபோது முடியை முழுவதும் மழித்து மருந்து பூசினர். பிற சிறுவர் கண்டு அருவருப்பரே என அஞ்சி அவன் ஒதுங்கி நின்றான். ஏறக்குறைய பதினெட்டு மாதங்கள் அப்பள்ளியில் கழிந்தன.

1898ஆம் ஆண்டில் மீண்டும் விடுதி வாழ்வு வந்தது. அப்போது நிகழ்ந்த ஒன்றை மாணவர்கள் அறிதல் வேண்டும். பிள்ளைகளைக் காண ஏங்கிய ஹன்னா, விடுதியிலிருந்து வெளியேறுவதாகக் கூறி மூவருக்கும் விடுதலை பெற்றார். சிட்னியிடம் ஒன்பது பென்னிக் காசுகள் இருந்தன. அதில் அரை இராத்தல் செர்ரிப் பழம் வாங்கிக்கொண்டு மூவரும் கென்னிங்டன் பூங்காவில் அமர்ந்து உண்டனர். சிட்னி பழைய செய்தித்தாளைக் கசக்கி நூல் சுற்றிப் பந்தாக்கினான். அன்னையும் பிள்ளைகளும் பந்து பிடித்து விளையாடினர். நண்பகலில் எஞ்சிய காசுக்குத் தேநீரும் சிற்றுண்டியும் அருந்தினர். மாலையில் மூவரும் விடுதிக்கே திரும்பிச் சென்று, மீண்டும் முதலிலிருந்து பதிவு செய்யுமாறு கேட்டனர். விடுதி அலுவலர்கள் சினந்தனர். ஆனால் அந்த ஒரு பகற்பொழுது மகன் மனத்தில் என்றும் வாடாத மலராக நிலைத்தது.

பதினான்கு வயதில் தனிமை

துன்பமும் பசியும் ஹன்னாவின் மனநலத்தைக் குலைத்தன. 1898இல் அவர் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சிறுவர் சில காலம் தந்தையாரிடம் வாழ்ந்தனர். ஆனால் அங்கும் குடியே ஆட்சி செலுத்தியது. 1901இல் தந்தையார் குடியினால் வந்த நோய்க்கு இரையாகி முப்பத்தெட்டு வயதிலேயே மறைந்தார்.

1903ஆம் ஆண்டு மே மாதத்தில் அன்னைக்கு மீண்டும் நோய் முற்றியது. சிட்னி அப்போது கப்பலில் வேலை செய்துகொண்டிருந்தான். பதினான்கு வயதுச் சார்லியே அன்னையின் கையைப் பற்றி மருத்துவமனைக்கு நடத்திச் சென்றான். திரும்பி வந்தபோது அறையில் யாருமில்லை. தன்னை மீண்டும் ஏழையர் பள்ளிக்கு அனுப்பிவிடுவரோ என அஞ்சி எவரிடமும் உண்மையைக் கூறாமல் தெருக்களில் அலைந்தான். விறகு பிளப்போருக்கு உதவி செய்து வயிற்றைக் கழுவினான். சிட்னி திரும்பி வந்த பிறகே அவனுக்கு உயிர் வந்தது.

அதுவரை சார்லி பல வேலைகளைச் செய்திருந்தான். ஒன்பது வயதிலேயே ஒரு சிறுவர் நடனக் குழுவில் சேர்ந்து மரச் சப்பாத்து அணிந்து ஆடினான். கடைப்பையனாகவும் வீட்டு வேலையாளாகவும் இருந்தான். எவ்வேலை செய்தபோதும் நடிகனாக வேண்டும் என்னும் எண்ணத்தை மட்டும் அவன் விடவில்லை. சப்பாத்தைத் துடைத்து, உடையைத் துலக்கி, நாடக முகவர் அலுவலகத்திற்கு அடிக்கடி சென்று வாய்ப்புக் கேட்டுவந்தான்.

வாய்ப்பும் வந்தது. நாடகச் சுவடியைக் கையில் கொடுத்தபோது மகிழ்ச்சியுடன் அச்சமும் தோன்றியது. அங்கேயே படித்துக் காட்டுமாறு பணித்துவிட்டால் என் செய்வது? பள்ளிப்படிப்பு இடையிடையே அறுந்து போனமையால் அவனுக்குச் சரியாகப் படிக்கத் தெரியாது. நல்லவேளையாக, வீட்டிற்கு எடுத்துச் செல்லுமாறு கூறினர். சிட்னி இரவு பகலாகப் படித்துக் காட்ட, மூன்றே நாள்களில் முழுவதையும் மனப்பாடம் செய்தான். அந்நாடகத்தைத் தொடர்ந்து ஷெர்லாக் ஹோம்ஸ் நாடகத்தில் ஏவற் சிறுவனாக நடித்து ஊர் ஊராகச் சென்றான். வாரச் சம்பளம் இரண்டு பவுன் பத்து ஷில்லிங்.

அமெரிக்கப் பயணம்

1908ஆம் ஆண்டில் பிரெட் கார்னோ என்பவரின் நகைச்சுவைக் குழுவில் சார்லி சேர்ந்தார். பேச்சின்றி உடலசைவால் மட்டுமே சிரிக்க வைக்கும் கலையை அங்கே நன்கு பயின்றார். அக்குழுவுடன் 1910இலும் 1912இலும் அமெரிக்கா சென்றார். அங்கு அவர் நடிப்பைக் கண்ட கீஸ்டோன் படநிறுவனத்தார் வாரம் 150 டாலர் சம்பளத்தில் அவரை அழைத்துக்கொண்டனர்.

1914ஆம் ஆண்டு தொடக்கத்தில், சிரிப்பூட்டும் உடை ஒன்றை அணிந்து வருமாறு நிறுவனத் தலைவர் பணித்தார். சார்லி உடைமாற்றும் அறைக்குச் சென்றார். எல்லாம் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கவேண்டும் என முடிவு செய்தார். பெரிய காற்சட்டைக்குச் சிறிய கோட்டு. சிறிய தொப்பிக்குப் பெரிய சப்பாத்து. வயதைக் கூட்டிக் காட்ட ஒரு சிறு மீசை. கையில் பிரம்பை எடுத்ததும் அந்த மனிதன் யார் என்பது அவருக்கே விளங்கிவிட்டது. அவன் வீடு வாசலற்ற நாடோடி. ஆயினும், பெருமகன் போலத் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்வான். கையில் காசில்லை; நடையில் மிடுக்குண்டு. உதை வாங்குவான், உடனே எழுந்து உடையைத் தட்டிவிட்டுக்கொண்டு நடப்பான்.

இந்த நாடோடியை உலகம் உடனே தன் மகனாக ஏற்றுக்கொண்டது. சம்பளம் 1915இல் வாரம் 1,250 டாலர் ஆயிற்று. 1916இல் ஆண்டுக்கு 6,70,000 டாலர் பெறும் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. 1919இல் மேரி பிக்போர்டு, டக்ளஸ் பேர்பேங்க்ஸ், டி. டபிள்யூ. கிரிபித் ஆகிய மூவருடன் சேர்ந்து யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் பின்னர்த் தம் படங்களுக்குத் தாமே உரிமையாளரானார். கதை, நடிப்பு, இயக்கம், பிற்காலத்தில் இசை ஆகிய அனைத்தும் அவர் பொறுப்பே.

சிரிப்பில் கலந்த வாழ்க்கை

1921இல் வெளிவந்த ‘தி கிட்’ என்னும் படத்தில் நாடோடி ஓர் அனாதைக் குழந்தையைக் கண்டெடுத்து ஒரு மாடத்து அறையில் வளர்க்கிறான். அதிகாரிகள் வந்து சிறுவனை இழுத்து வண்டியில் ஏற்றுகின்றனர். சிறுவன் கைகளை நீட்டிக் கதறுகிறான். நாடோடி கூரைகளின் மேல் ஓடிச் சென்று வண்டியில் குதித்து அவனை மீட்டு அணைத்துக்கொள்கிறான். படம் பார்த்தோர் அதுவரை சிரித்த கண்களாலேயே அழுதனர். ஹான்வெல் பள்ளியில் தனித்து நின்ற ஏழு வயதுச் சிறுவனை எவரும் அவ்வாறு மீட்க வரவில்லை. அவனுக்குக் கிடைக்காததைத் திரையில் வேறொரு சிறுவனுக்குச் சார்லி கொடுத்தார் எனலாம். அப்படவேலையைத் தொடங்குவதற்குச் சற்று முன்னர்த்தான் அவருடைய முதற் குழந்தை பிறந்து மூன்றே நாள்களில் இறந்திருந்தது.

1925இல் வந்த ‘தி கோல்ட் ரஷ்’ படத்தில் பனிக்காட்டில் பசியால் வாடும் நாடோடி தன் சப்பாத்தையே வேகவைத்துத் தின்கிறான். ஆணிகளை எலும்பு போலச் சப்புகிறான்; கயிற்றை இழை இழையாகச் சுற்றி உண்கிறான். அச்சப்பாத்து உண்மையில் அதிமதுர மிட்டாயினால் செய்யப்பட்டது. காட்சியைக் கண்டு சிரிக்காதவர் இல்லை. ஆனால், உற்று நோக்கினால் அங்குச் சிரிப்புக்கு ஆளாவது பசித்தவனின் பசியன்று. அப்பசியிலும் விருந்துண்பவன் போல ஒழுங்காக அமர்ந்து உண்ணும் அவன் மனவுறுதியே நம்மைக் கவர்கிறது. சார்லியின் படங்களில் ஏழை சிரிக்க வைப்பான். ஆனால் ஏழ்மை இழிவுபடுத்தப்படுவதில்லை. சறுக்கி விழுவோர் பெரும்பாலும் வலிமையைக் காட்டி அச்சுறுத்துவோரே. அவர் நகைச்சுவையின் சிறப்பு இதுவே.

342 முறை

1927ஆம் ஆண்டிற்குப் பின் பேசும் படங்கள் வந்தன. ஊமைப்பட நடிகர் பலர் மறைந்து போயினர். தம் நாடோடி ஆங்கிலம் பேசினால் ஆங்கிலம் அறிந்தோருக்கு மட்டுமே உரியவனாகிவிடுவான் எனச் சார்லி எண்ணினார். எனவே, 1931இல் ‘சிட்டி லைட்ஸ்’ படத்தைப் பேச்சின்றியே வெளியிட்டார். அதற்குரிய இசையைத் தாமே அமைத்தார். இசைக்குறிப்பு எழுத அறியாத அவர் வாயால் பாடிக் காட்ட, அறிந்தோர் அதனைக் குறித்துக்கொண்டனர்.

அப்படத்தில் கண் தெரியாத பூக்காரப் பெண் ஒருத்தி நாடோடியைச் செல்வந்தன் என்று தவறாக எண்ணவேண்டும். பேச்சில்லாப் படத்தில் இதனை எவ்வாறு காட்டுவது? சார்லி பலவாறு முயன்றார். படமாக்குவார், மனம் நிறையாது, மீண்டும் படமாக்குவார். மாதங்கள் கழிந்தன. அவ்வொரு காட்சி 342 முறை படமாக்கப்பட்டதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. முடிவில் விடை கிடைத்தது. காவலரைக் கண்டு ஒதுங்கும் நாடோடி, நின்றிருந்த காரினுள் ஒரு கதவால் ஏறி மறு கதவால் இறங்குகிறான். கார்க்கதவு மூடும் ஓசையைக் கேட்ட அப்பெண் யாரோ செல்வந்தர் வந்துள்ளார் என எண்ணிப் பூவை நீட்டுகிறாள். சில நொடிகளில் முடியும் எளிய காட்சி. அந்த எளிமைக்குப் பின்னே எத்துணை உழைப்பு! ஒருமுறை எழுதித் தவறினால் தாளைக் கசக்கி எறிந்துவிட்டுச் சோர்ந்து போகும் மாணவர்கள் இந்த எண்ணை நினைவில் வைத்தல் நன்று.

பழைய பள்ளியின் வாயிலில்

அதே 1931ஆம் ஆண்டில் சார்லி இங்கிலாந்து சென்றார். தாம் படித்த ஹான்வெல் பள்ளியைக் காண விரும்பினார். பிள்ளைகள் முன் தொப்பியைத் தூக்கியும் நடந்தும் நடித்துக் காட்டினார். பழைய நினைவுகள் அவர் உள்ளத்தை உருக்கின. படங்காட்டும் கருவி ஒன்றைப் பரிசளிப்பதாகவும் மீண்டும் வருவதாகவும் சொல்லிச் சென்றார். குறித்த நாளில் கருவி வந்தது; ஆனால், அவர் வரவில்லை. உதவியாளர்களையே அனுப்பியிருந்தார். காத்திருந்த பிள்ளைகள் ஏமாற்றமடைந்தனர். பெரியோர் வாழ்விலும் குறைகள் உண்டு. சார்லியின் இல்வாழ்க்கையும் நெடுங்காலம் அமைதியற்றே இருந்தது. மூன்று திருமணங்கள் மணமுறிவில் முடிந்தன. 1943இல் ஊனா என்னும் மங்கையை மணந்த பின்னரே அவர் இல்லத்தில் அமைதி நிலைத்தது. அவர்களுக்கு எட்டு மக்கள் பிறந்தனர்.

தாய்க்குரிய கடமையில் அவர் தவறவில்லை. 1921இல் அன்னையைக் கலிபோர்னியாவிற்கு வரவழைத்துத் தனி வீடும் பணிவிடை செய்வோரும் அமைத்துக் கொடுத்தார். மனநோய் முற்றும் நீங்காத நிலையிலும் ஹன்னா 1928இல் மறையும் வரை அங்கே குறைவின்றி வாழ்ந்தார்.

காந்தியடிகளும் கீழ்த்திசைப் பயணமும்

1931 செப்டம்பரில், வட்டமேசை மாநாட்டிற்காக லண்டன் வந்திருந்த காந்தியடிகளைச் சார்லி சந்தித்தார். கிழக்கு லண்டனில் ஏழைகள் வாழும் பகுதியில் ஓர் எளிய வீட்டில் அச்சந்திப்பு நிகழ்ந்தது. இயந்திரங்களை அடிகள் ஏன் வெறுக்கிறார் என்று சார்லி வினவினார். இயந்திரத்தின் வழியாகவே இந்தியா இங்கிலாந்துக்கு அடிமைப்பட்டது. ஆதலின் தம் துணியைத் தாமே நூற்று நெய்துகொள்வது விடுதலைக்கு வழி என அடிகள் விளக்கினார். சார்லி அவ்விளக்கத்தைச் சிந்தனையுடன் கேட்டுக்கொண்டார்.

அடுத்த ஆண்டு, 1932இல், தமையன் சிட்னியுடன் கீழ்த்திசை நாடுகளுக்குப் புறப்பட்டார். இலங்கையைக் கண்டு, சிங்கப்பூர் வந்து, ஜாவா, பாலித் தீவுகளுக்கும் சென்றார். சிங்கப்பூரில் நியூ வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் சீனச் சிறுவர் நடித்த நாடகம் அவரை மிகவும் கவர்ந்தது. மூன்று இரவுகள் தொடர்ந்து நடந்த அந்நாடகத்தில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி இளவரசனாக நடித்தாள். சார்லிக்குச் சீனமொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆயினும் அதன் உணர்ச்சி அவர் உள்ளத்தைத் தொட்டது. பேச்சின்றி உலகைக் கவர்ந்தவருக்கு, மொழியறியாத நாடகம் இன்பம் அளித்தது வியப்பன்று.

இயந்திரமும் சர்வாதிகாரியும்

1936இல் ‘மாடர்ன் டைம்ஸ்’ வெளிவந்தது. நாடோடி இப்போது ஆலைத் தொழிலாளி. ஓடும் பட்டையில் வரும் பொருள்களின் திருகாணிகளை முறுக்குவதே அவன் வேலை. பட்டையின் வேகம் கூடிக்கொண்டே போகிறது. உண்ணும் நேரத்தையும் மிச்சப்படுத்த எண்ணி முதலாளியார் உணவூட்டும் இயந்திரம் ஒன்றை அவன்மேல் சோதித்துப் பார்க்கிறார். இயந்திரம் பழுதாகி அவன் முகத்தில் உணவை அப்புகிறது. வேலை நின்ற பிறகும் அவன் கைகள் முறுக்குவதை நிறுத்த முடியாமல் ஆடிக்கொண்டேயிருக்கின்றன. மணிக்கணக்கு வைத்து வேலை வாங்கப்படும் எவரும், எந்நாட்டவராயினும், இக்காட்சியைக் கண்டு சிரிப்பர். சிரித்த பின் சிந்திப்பர். உழைப்பாளி இயந்திரத்தின் ஓர் உறுப்பல்லன்; அவன் மனிதன் என்பதே அப்படம் உணர்த்தும் உண்மை.

1889ஆம் ஆண்டில் சார்லி பிறந்த நான்கு நாள்களுக்குப் பின் ஹிட்லர் பிறந்தான். இருவர் முகத்திலும் ஒரே வகை மீசை! ஹிட்லரைக் கண்டு ஐரோப்பாவே நடுங்கிய காலத்தில், 1940இல், ‘தி கிரேட் டிக்டேட்டர்’ என்னும் படத்தில் சார்லி அவனை நகைப்புக்கு ஆளாக்கினார். அவர் முழுமையாகப் பேசி நடித்த முதற்படம் அதுவே. படத்தின் முடிவில் சர்வாதிகாரியென்று தவறாகக் கருதப்பட்ட எளிய முடிதிருத்துவோன் ஒருவன் மேடையேறி, மக்கள் ஒருவரையொருவர் வெறுக்காமல் அன்புடன் வாழவேண்டும் என்று வேண்டுகிறான். நெடுநாள் மௌனமாக இருந்தவர் வாய் திறந்தபோது அன்பையே பேசினார்.

நாடு கடந்த வாழ்வும் இறுதிக் காலமும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் பொதுவுடைமைக் கொள்கையினர் என்ற ஐயத்தின்பேரில் பலர் தொல்லைக்குள்ளாயினர். சார்லியும் அவ்வையத்திற்கு ஆளானார். தாம் அக்கட்சியினர் அல்லர் என அவர் மறுத்தும் பயனில்லை. அவர் அமெரிக்கக் குடியுரிமை பெறாதவர். 1952 செப்டம்பரில் ‘லைம்லைட்’ படத்தின் வெளியீட்டிற்காகக் குடும்பத்துடன் கப்பலில் லண்டனுக்குச் சென்றுகொண்டிருந்தபோது, திரும்பி வருவதற்கான அவருடைய அனுமதி நீக்கப்பட்ட செய்தி நடுக்கடலில் எட்டியது. ஏறத்தாழ நாற்பதாண்டுகள் உழைத்த நாட்டின் கதவு மூடிவிட்டது. அவர் சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள வேவே நகரின் அருகே குடியேறினார்.

அங்கு அவர் எழுதிய தன்வரலாறு 1964இல் வெளிவந்தது. பதினான்கு வயதில் நாடகச் சுவடியைப் படிக்கத் தடுமாறியவர், முதுமையில் உலகம் விரும்பிப் படிக்கும் நூலை எழுதினார்! இஃது எவ்வாறு நிகழ்ந்தது? இளமையிலேயே தம் குறையை உணர்ந்து, அகராதியை அருகில் வைத்துக்கொண்டு நாள்தோறும் புதுச் சொல் கற்றார். நாடகத்திற்காக ஊர் ஊராகச் சென்ற காலத்திலும் நூல்களைத் தேடிப் படித்தார். கல்லாதவன் என்று உலகம் இகழக்கூடாது என்னும் தன்மான உணர்வே அவரைப் படிக்கத் தூண்டியது. பள்ளி வாய்ப்பை வறுமை பறித்தது. படிக்கும் ஆவலை அதனால் பறிக்க முடியவில்லை.

1972இல் அமெரிக்கா அவரை மீண்டும் அழைத்தது. ஆஸ்கார் விழாவில் சிறப்பு விருது பெற மேடையேறிய எண்பத்திரண்டு வயது முதியவரைக் கண்டு அவையோர் எழுந்து நின்று பல நிமிடங்கள் கைதட்டினர். அவர் கண்கள் கலங்கின. பேசச் சொற்கள் எழவில்லை. 1975ஆம் ஆண்டு மார்ச் மாதம் இங்கிலாந்து அரசியார் அவருக்கு ‘சர்’ பட்டம் வழங்கினார். நிற்க இயலாத அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே அதனைப் பெற்றுக்கொண்டார். ஏழையர் பள்ளியில் மொட்டைத் தலையுடன் ஒதுங்கி நின்ற சிறுவன் அரண்மனைக்குள் அரசியாரின் முன் அமர்ந்திருந்த காட்சியை எண்ணிப் பாருங்கள்! 1977ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், கிறிஸ்துமஸ் பெருநாளன்று, தம் எண்பத்தெட்டாம் வயதில் அவர் உறக்கத்திலேயே இயற்கை எய்தினார்.

1981இல் லண்டன் மாநகரின் லெஸ்டர் சதுக்கத்தில் அவருக்குச் சிலை நாட்டினர். அச்சிலை பட்டம் பெற்ற செல்வந்தரைப் போன்றதன்று. தொளதொளத்த காற்சட்டையும் பிரம்பும் கொண்ட நாடோடியின் உருவமே அங்கு நிற்கிறது. எந்த வறுமையைப் பிறர் கண்ணில் படாமல் மறைக்கவேண்டும் என உலகம் கருதியதோ, அதுவே அவரது அழியாப் புகழின் அடையாளமாயிற்று.

மாணவச் செல்வங்களே! வறுமை ஒரு துன்பம்; அஃது ஒரு குற்றமன்று. கிழிந்த சட்டை அணிந்து வரும் தோழனைக் கண்டு நகைக்காதீர்கள். அவனுடன் சேர்ந்து நகையுங்கள். இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைத்தான் சார்லி தம் வாழ்நாள் முழுவதும் உலகுக்குக் காட்டினார். பெற்றோர்களே! ஒன்பது பென்னிக் காசில் ஓர் அன்னை தம் பிள்ளைகளுக்கு அளித்த ஒரு பகற்பொழுது, அறுபத்தாறு ஆண்டுகள் கழித்தும் அம்மகனின் நூலில் மணம் வீசியது. கையில் பொருளில்லை என்று வருந்தவேண்டா. பிள்ளைகளோடு அமர்ந்து பேசும் சிறு பொழுதும், அவர் கையில் கொடுக்கும் ஒரு நூலும், பிற்காலத்தில் பெருஞ்செல்வமாகத் தழைக்கும்.